ஹார்மோனை அடக்கிய ஹக்கின்ஸ்

மாங்காட்டில் எங்க பெரியப்பாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவிடுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. இன்ஜினீயர் புத்தி சும்மா இருக்குமா? ஊசியின் கதையைத் தேடினேன். சார்லஸ் ஹக்கின்ஸ் கிடைத்தார்.

1901-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, 1927-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாய்களின் புராஸ்டேட் சுரப்பி ஆண் ஹார்மோனை நம்பியே இயங்குவதைக் கண்டார். புற்றுநோய்க்கும் அதுதான் தீனியென்றால், சப்ளையை நிறுத்திப் பார்க்கலாமே! நோயாளிகளுக்கு விரைகளை அகற்றியும், பெண் ஹார்மோன் கொடுத்தும் பார்த்தார். பலருக்கு வலி குறைந்தது. 1941-ல் முடிவுகளை வெளியிட்டார். 1966-ல் நோபல் பரிசில் பாதி. 1997-ல், 95 வயதில் மறைந்தார்.

பெரியப்பாவின் ஊசியும் அதே சப்ளையைத்தான் நிறுத்துகிறது. நோய் ஒருநாள் மறுபடி தலைதூக்கலாம், தெரியும். ஆனாலும் இப்போ காமாட்சியம்மன் கோயில்வரை நடந்தே போய் வர்றார். தம்பி தங்கைகளே, ஆராய்ச்சிக்குப் போறவங்க இதை மறக்காதீங்க.