சுவாமி விபுலாநந்தரும் எளிய பிள்ளைகளின் கல்வியும்

ஈழநாட்டிலே சுவாமி விபுலாநந்தர் என்னும் திருப்பெயரைக் கேட்டவளவில் யாழ்நூலை நினையாத தமிழர் அரியர். பண்டைத் தமிழர் இசைத்த யாழ்வகைகளைக் கணித நெறியான் ஆராய்ந்து அவர் இயற்றிய அந்நூல், 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அதனால் வந்த புகழ் அவருக்கு முற்றும் உரியதே. ஆயினும் அவர்தம் நல்லாண்டுகளுட் பல, ஏட்டாராய்ச்சியிலன்றிக் காணி தேடுதலிலும், கூரை வேய்தலிலும், வித்தியா பகுதியாருக்கு விண்ணப்பம் எழுதுதலிலும், தாய்தந்தையரில்லாப் பிள்ளைகளுக்கு உணவுக்கு வழி தேடுதலிலும் கழிந்தன. விழாமேடைகளில் இத்தொண்டினை ஒருவரியிற் கூறிக் கடந்துபோவது வழக்கமாயிற்று. இவ்வியாசத்திலே அதனையே விரித்துக் கூற விழைகின்றேம்.

சுவாமிகள் 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கீழ்மாகாணத்துக் காரைதீவில், சாமித்தம்பி என்பாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராய்த் தோன்றினார். இளமைப்பெயர் மயில்வாகனன். கண்ணகியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூர், வயலும் தென்னையும் கடலும் சூழ்ந்தது. மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே இருபத்தைந்து மைல் அளவிலுள்ளது. வண்டியும் தோணியுமே பெரும்பாலும் துணையாயிருந்த அந்நாளில் இருபத்தைந்து மைல் என்பது சிறு தூரமன்று. மயில்வாகனனார் ஊரிலே தொடக்கக் கல்வி பெற்றுக் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச்சிஷ்ட மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீக்ஷையிற் சித்தியெய்தினார். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவருக்கிருந்த ஆற்றலுக்கு இடந்தந்து வளர்த்தவை கிறிஸ்தவ சபையாரின் பாடசாலைகளே. இதனைக் கூற நம்மவருட் சிலர் கூசுவர். மிஷன் கல்லூரியிற் பயின்ற யான் கூசேன். உண்மையை மறைத்து வளர்க்கவேண்டிய நிலையிற் சைவம் இல்லை.

அக்காலத்துப் பாடசாலைகளின் நிலையை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். சுயபாஷைப் பாடசாலைகள் கட்டணமின்றிக் கற்பித்தன. ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் பெற்றுக் கற்பித்தன. எழுதுவினைஞர் உத்தியோகம் முதல் வைத்தியம், நியாயவாதம் ஈறாக உயர்ந்த தொழில்களுக்கெல்லாம் ஆங்கிலமே வாயிலாயிருந்தது. எனவே உழவன் மகனும் வலைஞன் மகனும் எத்துணை விவேகிகளாயினும் ஐந்தாம் ஆறாம் வகுப்போடு நின்றுவிடுதல் இயல்பாயிற்று. இனி, உதவி நன்கொடை முறையின்படி அரசினர் ஆசிரியர் வேதனத்துக்கே பெரிதும் பொருள் அளித்தனர்; காணியும் கட்டடமும் தளபாடமும் பாடசாலை நடத்துவோர் தேடிக்கொள்ளற்பாலன. மாணாக்கர் தொகையையும் அவர் வரவையும் காட்டிய பின்னரே அவ்வுதவியும் கிடைப்பது. ஆகவே கைம்முதல் உடைய சபைகளே புதிய பாடசாலை தொடங்க வல்லனவாயின. வறிய கிராமம் தன் வறுமை காரணமாகவே உதவிக்கும் புறம்பாயிற்று. பிள்ளைக்குக் கல்வி வேண்டுமாயின் பெற்றோர் சமயத்தை நெகிழவிடுதல் வேண்டும், சமயம் வேண்டுமாயின் கல்வியைக் கைவிடுதல் வேண்டும் என்னும் இடர்ப்பாடு பல ஊர்களிலே தோன்றியது இவ்வாற்றான்.

மயில்வாகனனார் தாம் பயின்ற கல்லூரியிலே ஆசிரியராயிருந்தார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சியும், பின்னர்ப் பொறியியற் கலாசாலையில் விஞ்ஞானப் பயிற்சியும் பெற்றார். 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராயினார். யாழ்ப்பாணத்து அர்ச்சிஷ்ட பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் காலத்தே இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். வயது இருபத்தெட்டு. நற்பதவியும் நல்லூதியமும் எய்திவிட்டன. அவர் நிலையிலிருந்த மற்றையோர் இல்லறம் புகுந்து, வீடு கட்டி, ஓய்வூதியத்தை எண்ணியிருப்பர். அவரோ 1922 இல் அவற்றை நீத்துச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்கே பத்திராசிரியராய்ப் பணிபுரிந்து, 1924 இல் சுவாமி சிவானந்தரிடத்துச் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார்.

துறவு பூண்டவர் மலைச்சாரலை நாடுவர் என்பது உலகத்தார் எண்ணம். இவரோ 1925 இல் தாம் பிறந்த நாட்டிற்கே மீண்டார். யாழ்ப்பாணத்துச் சைவர் அதற்கு ஈராண்டின் முன்னர், 1923 இல், சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தை நிறுவியிருந்தனர். நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிலே தொடங்கிய பணி வடக்கிலே ஒருவாறு வேரூன்றிவிட்டது. கிழக்கிற்கோ அத்தகைய பற்றுக்கோடு இல்லை. வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயம், திருக்கோணமலை இந்துக் கல்லூரி ஆகியவற்றின் பொறுப்பு இராமகிருஷ்ண மிஷனிடத்து வந்தபொழுது சுவாமிகள் அவற்றையும் தாங்கினார். எனினும் அவர்தம் உள்ளம் பெரிதும் நின்றது மட்டக்களப்புப் பகுதியிலேயே. ஊர்தோறுஞ் சென்று, நடத்துவாரின்றித் தளர்ந்த பாடசாலைகளை மிஷனின் ஆட்சியிற் கொணர்ந்தும், இல்லாவிடத்துப் புதியன தோற்றுவித்தும் உழைத்தார். பெண்மக்களுக்குத் தனிப் பாடசாலைகளும் எழுந்தன. ஆண்பிள்ளைக்கே கல்வி எட்டாத ஊரிலே பெண்பிள்ளைக்குப் பாடசாலை எதற்கு என்பார் அந்நாளிற் பலர். அவருள் நம் சைவப்பெருமக்களும் உளர்.

கல்லடி உப்போடையிலே 1929 இல் சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. தமக்குத் துறவளித்த குருவின் பெயரையே அதற்கு இட்டார். ஆங்கிலமும் விஞ்ஞானமும் உயர்ந்த நிலையிற் கற்பிக்கும் வித்தியாலயம் ஒன்று சைவச் சூழலிலே வேண்டும் என்பது நோக்கம். ஆயின் சைவப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று வாயில் அடைக்கப்பட்டதன்று. முஸ்லிம் மாணவரும் அங்கே பயின்றனர். தம்மை வேற்றுச் சமயத்தார் கற்பித்ததை மறவாதவர் வேறு எவ்வாறு செய்வர்?

பாடசாலைக் கட்டடம் எழுந்தவுடன் கடமை முடிந்ததென்று கருதுவோர் இன்றும் பலர். பெயர்ப்பலகை நாட்டி, நிழற்படம் எடுத்து, அகன்றுவிடுவர். வீட்டில் அடுப்பெரியாத பிள்ளை பாடசாலைக்கு வாரான், வந்தாலும் நில்லான், வயல் வேலைக் காலத்தே இடையில் மறைந்துவிடுவான். இதனைச் சுவாமிகள் நன்கு அறிந்திருந்தார். ஆகலின் வித்தியாலயத்தின் அருகே மாணவர் இல்லமும் அமைந்தது. அநாதப் பிள்ளைகளும் தூரத்துக் கிராமங்களின் வறிய பிள்ளைகளும் அங்கே உண்டு, உறங்கி, வழிபட்டு, வித்தியாலயத்திற் பயின்றனர். படித்தற்கு விளக்கும், உண்ணக் கலமும், நோயுற்றால் உடனிருப்பார் ஒருவரும் கிடைத்தல் அத்தகைய பிள்ளைக்கு இலக்கணக் கல்வியினும் முற்பட்ட தேவையாகும். எனது மதிப்பில் சுவாமிகள் கட்டியவற்றுள் வித்தியாலயத்தினும் இல்லமே உயர்ந்தது. வித்தியாலயத்தைப் பிறருங் கட்டினர். இல்லத்தை நாடோறும் நடத்துவதற்குப் பொருளோடு ஆளும் வேண்டும். அவ்வாறு வந்து உடனின்றவருள் சுவாமி நடராஜாநந்தர் தலைசிறந்தவர். காரைதீவினரேயாகிய அவர், சுவாமிகள் வெளிநாடு சென்ற காலத்தும் மறைந்த பின்னரும் அப்பணியைத் தளராது நடாத்தினார். அவர் பெயரை இக்கால இளைஞர் அறியாமை வருந்தத்தக்கது.

1931 இல் சிதம்பரத்து அண்ணாமலைச் சர்வகலாசாலை சுவாமிகளைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே இரண்டாண்டளவு பணிபுரிந்தார். அப்பதவியால் வந்த ஊதியம் ஈழத்துப் பாடசாலைகளின் முட்டுப்பாட்டைத் தீர்க்க உதவிற்று. பகலிலே இலக்கியம் கற்பித்த பேராசிரியர், மாலைவேளைகளில் அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஆங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். சேரியில் அடிவைத்தாரை வீட்டினுள் அழைக்கக் கூசுவார் மலிந்த காலம் அது. இச்செய்தியை நாம் வியந்து படித்துவிட்டு, நம்மூரிலே கோயிற் கிணற்றையும் பாடசாலை வாங்கினையும் சாதி நோக்கிப் பிரித்த நாள்களை மறந்துபோதல் தகாது.

தமிழொன்றே கற்ற இளைஞருக்கு விஞ்ஞானம் எட்டாதிருந்த குறையையும் அவர் கண்டார். 1936 இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை வகித்ததும், கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியில் உழைத்ததும் இத்தொண்டின் கிளையேயாகும். 1939 முதல் இரண்டாண்டளவு இமயத்து மாயாவதியிலே பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தி மீண்டார்.

உலகப் போர்க்காலத்தே, 1942 இல், கல்முனையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அ. மு. அ. அஸீஸ் அவர்கள் சுவாமிகளோடு நெருங்கிப் பழகினார். தம் சமூகத்து வறிய பிள்ளைகளின் கல்வி பற்றி இருவரும் அளவளாவியதன் பயன் சிறிதன்று. அஸீஸ் அவர்கள் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவுதற்குச் சுவாமிகளின் நட்பும் ஒரு தூண்டுகோலாயிற்று. சைவத் துறவி ஒருவரின் முன்மாதிரி முஸ்லிம் பிள்ளைகளுக்கும் பயன்பட்ட இவ்வரலாறு கீழ்மாகாணத்து இரு சமூகத்தாரும் நினைவில் வைக்கவேண்டுவது. அதே ஆண்டிற்றான் இலவசக் கல்வியும் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலப் பாடசாலைக் கட்டணம் ஒழிந்தது. ஆயினும் கட்டணமே ஏழையின் தடை முழுதும் அன்மையின் மாணவர் இல்லத்தின் தேவை ஒழிந்திலது.

1943 இல் இலங்கைச் சர்வகலாசாலையின் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த சுவாமிகள், யாழ்நூல் அரங்கேறிய மறுதிங்களே, 1947 ஜூலை 19 ஆம் நாள் கொழும்பிலே சிவபதமெய்தினார். வயது ஐம்பத்தைந்து. திருமேனியைக் கொழும்பிலோ காரைதீவிலோ வையாது கல்லடிக்குக் கொண்டுவந்து, சிவானந்த வித்தியாலயத்தின் அயலிலே சமாதி வைத்தனர்.

உதவிபெறு பாடசாலைகளை அரசினர் ஏற்ற 1960, 1961 ஆம் ஆண்டுகளிலே மிஷன் பாடசாலைகளும் கைமாறின. ஆசிரியரும் கட்டடமும் அரசினர் பொறுப்பாயின. பிள்ளைகள் உண்டு உறங்கும் இல்லங்களோ மிஷனிடத்தே நின்றன. அடுத்தடுத்து வந்த சூறாவளியிலும், நெடிய போரிலும், 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் தாய்தந்தையரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்லடியிலே அடைக்கலம் ஒன்று முன்னரே ஆயத்தமாயிருந்தது.