மருத்துவ அறிஞர் ஹாப்கின்

மாணவர்களே! கானாடுகாத்தான் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் வாழ்ந்த வணிகப் பெருமக்கள் சிட்டை, பேரேடு, ஐந்தொகை எனக் கணக்கு எழுதி வந்தனர். ஐந்தொகையில் ஒரு காசு குறையினும், எழுதியவனைக் கடிந்துரைப்பதனால் கணக்கு நேராகாது. பிழை புகுந்த வரியைத் தேடிக் காணவேண்டும். உயிர் காக்கும் மருத்துவத்திற்கும் இந்நெறி இன்றியமையாதது என்பதனை ஹாப்கினின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும்.

வால்டெமர் ஹாப்கின் 1860ஆம் ஆண்டில் கருங்கடற்கரையிலுள்ள ஒடெசா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி, வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து கண்டார். 1893இல் இந்தியாவிற்கு வந்து, பல்லாயிரவர்க்கு அதனைச் செலுத்தினார். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவி மக்களை வாட்டியது. ஹாப்கின் அங்கு விரைந்து, சில திங்களுள் அந்நோய்க்கும் தடுப்பு மருந்து ஆக்கினார். 1897 சனவரி 10ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார்.

1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்கு அம்மருந்து செலுத்தப்பெற்றது. அவர்களுள், ஒரே குப்பியிலிருந்த மருந்தை ஏற்ற 19 பேர் இசிவு நோயால் மாண்டனர். அந்தோ! காக்க வந்த மருந்தே உயிர் கவர்ந்தது. அரசினர் அமைத்த விசாரணைக் குழு, மருந்து ஆக்கிய ஆய்வுக்கூடத்திலேயே தவறு நேர்ந்ததென முடிவு செய்தது. ஹாப்கின் பணியினின்று விலக்கப்பட்டார். பழி சுமந்து இந்தியாவை விட்டு நீங்கினார்.

எனினும், உண்மை உறங்கவில்லை. சான்றுகளை மருத்துவ அறிஞர் பலர் மீண்டும் ஆராய்ந்தனர். அன்று குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது. அதனை முறைப்படி தூய்மை செய்யாமலே அவர் பயன்படுத்தினார். மண்ணில் வாழும் இசிவு நோய்க் கிருமி அவ்வழியே புகுந்திருக்கக்கூடும் என அறிஞர்கள் தெளிந்தனர். மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பதின்மர், 1907 சூலைத் திங்களில் இலண்டன் 'டைம்ஸ்' இதழ் வாயிலாக இதனை உலகறியச் செய்தனர். பழி நீங்கிய ஹாப்கின் கல்கத்தாவிற்கு மீண்டு, 1914 வரை பணியாற்றினார். 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. 1930இல் அவர் மறைந்தார்.

பழி சுமத்த ஆள் தேடிய விசாரணை, இடுக்கி கற்பித்த பாடத்தை ஐந்தாண்டுகள் மறைத்தது. இன்றோ, மருத்துவமனைகளில் மருத்துவர்கள் தாமே கூடி, தம் பிழைகளை ஆராயும் வழக்கம் உண்டு. நம் தமிழ்நாட்டிலும் மகப்பேற்றில் தாய் இறக்க நேரின், அதன் காரணத்தைக் குழுவினர் ஆராய்கின்றனர். பிழையை மறைப்பது மற்றோர் உயிரைப் பணயம் வைப்பதாகும். நாமும் நம் பிழைகளை நாமே ஆராய்ந்து திருத்தி வாழ்வோமாக!