எம்டன்: சொல்லும் மனிதரும்

செர்டாங் தோட்டத்தில் நான் குறும்பு செய்யும்போதெல்லாம் பாட்டி ‘எம்டன்’ என்றுதான் திட்டுவார். அது ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பது, விடுதி நண்பர் சேர்த்து வைத்திருந்த ஜெர்மானியக் கடற்படை வீரர் பொம்மையைப் பற்றிக் கேட்டபோதுதான் தெரிந்தது.

அக்கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், 1873இல் ஹனோவரில் பிறந்தவர். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைப் பீரங்கியால் சுட்டு எரித்தார். அக்டோபர் 28 விடியலில், போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி, ஆங்கிலேயக் கப்பல்போல் நம் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தார். ரஷ்யாவின் செம்சுக் மூழ்கியது. 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். வெளியேறும்போது பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேவையும் மூழ்கடித்தார். ஆனால், நீரில் தத்தளித்த அதன் மாலுமிகளைக் காப்பாற்றிய பின்பே புறப்பட்டார். பிடிபட்ட வணிகக் கப்பல்களில் இருந்தவர்களையும் அவர் கண்ணியமாக நடத்தினார் என்று எதிரிகளே ஒப்புக்கொண்டனர்.

நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் தோற்றுச் சிறைப்பட்டார். மலேரியாவால் நலிந்து 1923இல் மறைந்தார்.

பொம்மையை ரசிக்கும் நாம், பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் உறங்கும் ரஷ்ய மாலுமிகளையும் நினைக்க வேண்டும். பாட்டியின் அந்த ஒரு சொல்லில் அச்சமும் வியப்பும் சேர்ந்தே இருந்தன என்பது இன்றுதான் எனக்குப் புரிகிறது.