ஸ்டீலுக்கு முன்னாடி ஒரு பஞ்சாலை

ஜாம்ஷெட்ஜி டாட்டான்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது ஸ்டீல்தான். ஆனா டாட்டா ஸ்டீலை அவர் கண்ணால பார்க்கவே இல்லை. அவர் இறந்தது 1904. கம்பெனி பதிவானது 1907. முதல் ஸ்டீல் வெளிவந்தது 1912. எலெக்டிவ் பேப்பரில் நாம படிக்கிற ரிஸ்க், டீம், ஸ்ட்ராட்டஜி எல்லாத்தையும் அவர் கத்துக்கிட்டது பருத்தி மில்லில். அந்தக் கதைதான் சுவாரஸ்யம்னு எனக்குத் தோணுது.

1839-ல் குஜராத்தின் நவ்சாரியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். படிப்பு பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரி. 29 வயசில் 21,000 ரூபாய் முதலோடு சொந்த வியாபாரம். அடுத்து திவாலான ஒரு எண்ணெய் ஆலையை வாங்கி, பஞ்சாலையா மாத்தி, ரெண்டு வருஷத்தில் லாபத்துக்கு வித்தார்.

அப்போ பஞ்சாலைன்னா பம்பாய்தான். எல்லாரும் அங்கேயே கட்டினாங்க. இவர் போனது நாக்பூருக்கு. பருத்தி விளையிற இடம் பக்கம், நிலக்கரி பக்கம், ரயில் பாதை இருக்கு, நிலம் மலிவு. கணக்கு சிம்பிள். ஆனா கடன் கேட்டப்போ, தங்கத்தைக் குழியில் கொட்டி மண்ணை மூடப் போறார்னு நினைச்சு ஒரு சேட்டு கையை விரிச்சுட்டார். 15 லட்சம் முதலீட்டில் எம்ப்ரஸ் மில் 1877 ஜனவரி 1-ல் ஓட ஆரம்பிச்சது.

மேனேஜரா அவர் எடுத்தது பெசோன்ஜி மேத்தாவை. ரயில்வேயில் வேலை பார்த்தவர், பஞ்சாலை அனுபவமே கிடையாது! எக்ஸ்பீரியன்ஸ் இருந்தாதான் வேலைன்னு கேட்டுப் பழகின நமக்கு இது ஆச்சரியம்தான். ஆளை நிர்வகிக்கத் தெரிஞ்சவர் மெஷினைப் பத்திக் கத்துக்குவார்னு ஜாம்ஷெட்ஜி நம்பினார். அது வீண் போகலை.

நாக்பூரில் பெரிய தலைவலி, தொழிலாளர்கள் நினைச்ச நாள்தான் வேலைக்கு வருவாங்க. அபராதம் போட்டிருக்கலாம். அவர் ஒழுங்கா வர்றவங்களுக்குப் பரிசு கொடுத்தார். மில்லுக்குள்ள காத்தோட்டம், ஈரப்பதம் சரி பண்ணினார். 1886-ல் பென்ஷன் நிதி, 1895-ல் விபத்து இழப்பீடு. அன்னைக்கு எந்தச் சட்டமும் இதையெல்லாம் கேட்கலை.

ரிங் ஸ்பிண்டில் விஷயத்தை டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் ரசிப்பாங்க. அது அப்போ புதுசு. லங்காஷயர் மில்காரங்களே தயங்கினாங்க. இவர் ரெண்டே ரெண்டு ஃபிரேம் வாங்கி, ஓட்டிப் பார்த்து, நம்பர் சரியா வந்ததுக்கு அப்புறம்தான் மில் முழுக்க மாத்தினார்.

இவ்வளவு நிதானமான மனுஷன் 1886-ல் குர்லாவில் தரம்சி மில்லை வாங்கினார். விலை குறைவு, ஆனா மெஷின் எல்லாம் பழசு. ஷேர் விலை சரிஞ்சது. வங்கிகள் ஒதுங்கின. எம்ப்ரஸ் மில் ஷேர்களை வித்து பணத்தைக் கொட்டி, நாக்பூரிலிருந்து தேர்ந்த ஆட்களைக் கொண்டுவந்து அதை நிமிர்த்தினார். அதுதான் சுதேசி மில்.

எல்லாம் ஜெயிக்கவும் இல்லை. சீனா, ஜப்பான் போற நூலுக்கு பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி வச்சதுதான் கட்டணம். 1893-ல் ஜாம்ஷெட்ஜி ஜப்பான் போய், நிப்பான் யூசென் கைஷாவோட கூட்டு சேர்ந்து டாட்டா லைன் ஆரம்பிச்சார். டன்னுக்கு 12 ரூபாய். பி அண்ட் ஓ ஒன்றரை ரூபாய்க்கு இறங்கிடுச்சு! இவர் கப்பல் சரக்கு ஏத்த லாயக்கில்லைன்னு வதந்தி வேற. பம்பாய் வியாபாரிகள் ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் போயிட்டாங்க. வாடகைக்கு எடுத்த கப்பல்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு. இவர் விலகினதும் கட்டணம் மறுபடி ஏறிடுச்சு. என் கணிப்பில், மலிவு மட்டுமே காரணமா வந்த கஸ்டமர் அதைவிட மலிவு கிடைச்சா போகத்தான் செய்வான். பெரிய முதலாளியோட விலைப் போட்டியில் இறங்கியதுதான் அவர் போட்ட தப்புக் கணக்கு.

1902-ல் ஸ்டீலுக்காக அமெரிக்கா வரைக்கும் அலைஞ்சார். இடமே முடிவாகலை, ஆனா தொழிலாளர் ஊரில் அகலமான தெரு, நிழல் மரம், விளையாட்டு மைதானம், கோயில், மசூதி, சர்ச்சுக்கு இடம் வேணும்னு மகன் தோராப்ஜிக்கு எழுதிட்டார். ரெண்டு வருஷத்தில் ஜெர்மனியில் பாட் நௌஹைமில் காலமானார்.

லண்டனில் பணம் புரட்டப் பார்த்து முடியாம, 1907-ல் தோராப்ஜி பம்பாயில் ஷேர் வெளியிட்டார். மூணு வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் மொத்தத்தையும் வாங்கிட்டாங்க.