மணி அடித்து அழைத்த ஆசிரியர் – புனித சவேரியார்

பாளையங்கோட்டைப் பேராலயத்திற்குப் போய் வந்த நம் பங்கு மக்கள் யாவரும் புனித சவேரியாரை அறிவார்கள். ஆனால் கோட்டாற்றுத் திருவிழா, கோவாவில் உள்ள திருவுடல், அவர் செய்த புதுமைகள் என்று பேசுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். இந்த ஜூபிலி மலருக்கு எழுதக் கேட்டபோது, அவர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பதை மட்டும் சொல்ல விரும்பினோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எல்லாருக்கும் ஒரே விதமாகச் சொல்லிவிட்டு, கடைசி வரிசைப் பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள்தானே நாம்!

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் நாட்டில் சவேரியார் பிறந்தார். பாரிஸ் மாநகரில் கற்று, அங்கேயே கல்லூரி மாணவர்க்கு அரிஸ்டாட்டிலின் தத்துவம் போதித்தார். புனித இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களுள் ஒருவரான அவர், 1537-ல் குருப்பட்டம் பெற்று, 1542 மே 6-ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் 1535 முதல் 1537-க்குள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியாரின் பாரிஸ் படிப்பு இங்கே என்ன செய்யும்? கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. போதகருக்கோ தமிழே தெரியாது!

அவர் தூத்துக்குடியில் தங்கி, இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்தார். பிறகு பள்ளிப் பிள்ளையைப் போல் தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். அதன் பின் கையில் மணியோடு ஊர் ஊராகத் தெருவில் இறங்கினார். மணிச் சத்தம் கேட்டுச் சிறுவரும் பெரியவரும் கூடுவர். நாளொன்றுக்கு இரு முறை வகுப்பு. அவர் ஒரு வாக்கியம் சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். விசுவாச மந்திரத்தின் ஒவ்வொரு பிரிவு முடிந்ததும், இதை ஏற்கிறீர்களா என்று கேட்பார்; மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து ஆம் என்பர். ஆகவே காது கேட்டது, வாய் சொன்னது, கையும் சேர்ந்து கற்றது.

வகுப்புக்கு வராதவரை அவர் விட்டுவிடவில்லை. சிறுவர்கள் தாங்கள் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. நோயாளிகளிடம் தாம் போக நேரமில்லாதபோது, மந்திரம் தெரிந்த சிறுவர்களை அனுப்பினார். எழுதத் தெரிந்தவர்களுக்கு மந்திரங்களைப் பிரதி செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பிற்பாடு 1548-ல் அவர் வகுத்த ஒழுங்கில் பெண்களுக்குச் சனிக்கிழமை, ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளையும் நியமித்தார். கணக்கு எழுத அல்ல, ஞானோபதேசம் சொல்லித்தர! நம் உபதேசியார்களின் முன்னோர் இவர்களே.

இவ்வளவும் செய்தவர் ஒரு பெரிய தவறும் செய்தார். முதல் மொழிபெயர்ப்பில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்ற சொல் நுழைந்துவிட்டது. கடற்கரை முழுதும் கற்றுக்கொடுத்த பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது. 1544-ல் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, அதைத் திருத்திச் சொல்லித்தரப் பணித்தார். மந்திரத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்த பிள்ளைகள் அனைவரும் தவறாகவே ஒப்பித்திருக்கிறார்கள். பிழை பிள்ளைகளுடையது அன்று. நம் வகுப்பில் மார்க் போடும்போது நமக்கு இந்த நிகழ்ச்சி அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மனப்பாடம் மட்டும் போதாது என்பதை அவரும் உணர்ந்திருக்கவேண்டும். 1548-ல் மணப்பாட்டுக்குத் திரும்பி வந்தபோது, விசுவாசப் பிரிவுகளுக்குத் தாம் எழுதிய விளக்கத்தைத் தமிழாக்கும்படி கொயெல்லோ என்னும் நம் நாட்டுக் குருவிடம் ஒப்படைத்தார். தமிழ் கற்பதில் கருத்தாயிருந்த அண்டிரிக்கு அடிகளார் அதற்கு முந்திய ஆண்டே இக்கரைக்கு வந்திருந்தார்.

1549-ல் ஜப்பான் சென்ற சவேரியார் அங்கே முறையையே மாற்றிக்கொண்டார். அம்மக்கள் கேள்வி மேல் கேள்வி கேட்பவர்கள். ஆகவே உலகம் உருண்டை என்பதையும், மின்னலும் மழையும் உண்டாகும் விதத்தையும் விளக்கி, அவர்களோடு வாதாடிப் போதித்தார். பாரிஸ் படிப்பு அங்கே கைகொடுத்தது!

சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சான்சியன் தீவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. 1622-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். அண்டிரிக்கு அடிகளார் முத்துக்குளித்துறையிலேயே தங்கி, தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். மணி ஓசைக்குக் கூடி வாய்மொழியாகப் படித்த மக்களின் கைக்கு அன்று புத்தகம் வந்தது.