பேசாமல் வேலை வாங்கிய முதலாளி

மான்செஸ்டர் நகரில் ஒரு பெரிய நூற்பாலை. அதற்கு மேனேஜர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வேலை கேட்டு வந்தவருக்கு வயது இருபது! ஆண்டுக்கு 300 பவுன் சம்பளம் வேண்டும் என்றார். ஆலை முதலாளி டிரிங்க்வாட்டர் திகைத்துப் போனார். ஆனாலும் வேலை கொடுத்தார்.

அந்த இளைஞர்தான் ராபர்ட் ஓவன். 1771-ம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். பத்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஜவுளிக் கடைகளில் வேலை பார்த்தவர் ஓவன்.

ஆலையில் 500 பேர் வேலை செய்தார்கள். ஓவனுக்கோ அந்த வேலை புதிது. என்ன செய்தார் தெரியுமா? காலையில் முதல் ஆளாக வருவார். இரவில் கடைசி ஆளாகப் பூட்டிவிட்டுப் போவார். ஆறு வாரம் வரை யாருக்கும் ஒரு உத்தரவும் போடவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது கேட்டால் ஆம், இல்லை என்பதோடு சரி. வேலையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

நியூ லானார்க்

1800-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, ஸ்காட்லாந்தில் உள்ள நியூ லானார்க் ஆலைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. அவரும் கூட்டாளிகளும் அதை 60,000 பவுனுக்கு வாங்கியிருந்தார்கள். விற்றவர் டேவிட் டேல். அவருடைய மகள் கரோலினைத்தான் ஓவன் மணந்திருந்தார்.

அங்கே குடியும் திருட்டும் மலிந்து கிடந்தன. அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு குழந்தைகள் சுமார் 500 பேர் அங்கே இருந்தார்கள். இனி அப்படிக் குழந்தைகளை எடுப்பதில்லை என்று நிறுத்தினார் ஓவன். பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆலையில் வேலை இல்லை என்றார். ஊர்க் கடையில் நல்ல சரக்கைக் குறைந்த விலைக்கு விற்கச் செய்தார்.

ஆனால் தொழிலாளிகள் நம்பவில்லை. வேற்றூர்க்காரர், புது முதலாளி. இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதுவரை அவர்கள் கண்ட முதலாளிகள் அப்படி!

நான்கு நிறக் கட்டை

அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்பது ஓவனின் கொள்கை. அதற்காக ஒரு சின்ன மரக்கட்டை செய்தார். நான்கு பக்கம், நான்கு நிறம். கறுப்பு என்றால் மோசம். நீலம் சுமார். மஞ்சள் நன்று. வெள்ளை மிக நன்று. ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் இந்தக் கட்டை தொங்கும். முந்தைய நாள் நடத்தைக்கு ஏற்ற நிறம் முன்னால் தெரியும். அது தினமும் ஒரு புத்தகத்திலும் பதிவாகும். மேற்பார்வையாளர் அநியாயமாக நிறம் போட்டுவிட்டால், தொழிலாளி நேரே ஓவனிடம் முறையிடலாம்.

ஓவன் ஆலையைச் சுற்றி வருவார். கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நாளாக நாளாகக் கறுப்பு குறைந்தது. வளர்ந்த மனிதர்களைப் பள்ளிப் பிள்ளைகளைப்போல நடத்தினார் என்று இதைக் குறை சொல்லலாம். அது நியாயமான குறைதான். ஆனால் பிரம்புக்கு இது எவ்வளவோ மேல் அல்லவா?

நான்கு மாதச் சம்பளம்

தொழிலாளிகளின் மனத்தை மாற்றியது கட்டை அல்ல. 1807-ம் ஆண்டு இறுதியில் அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பஞ்சு விலை ஏறியது. பல ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. ஓவனும் ஆலையை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் அனுப்பவில்லை! இயந்திரங்களைத் துடைத்துப் பாதுகாக்கச் சொன்னார். நான்கு மாதம் முழுச் சம்பளம் கொடுத்தார். செலவு 7,000 பவுனுக்கு மேல். அன்றோடு சந்தேகம் ஒழிந்தது.

பள்ளிக்கூடத்துக்குச் செய்யும் செலவு கூட்டாளிகளுக்குப் பிடிக்கவில்லை. 1813-ல் ஆலைகள் ஏலத்துக்கு வந்தன. ஓவன் வேறு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1,14,100 பவுனுக்கு எடுத்தார். அவர் திரும்பி வந்தபோது, ஜனங்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்றார்கள்!

1816-ல் தினசரி வேலை நேரத்தைப் பத்தே முக்கால் மணியாகக் குறைத்தார். ஆலை லாபத்திலேயே நடந்தது.

பிறகு அமெரிக்கா சென்று, நியூ ஹார்மனி என்ற ஊரை 1825-ல் வாங்கி, எல்லோருக்கும் பொதுவான சமுதாயம் அமைக்கப் பார்த்தார். சில ஆண்டுகளில் அது கலைந்தது. அவர் பணத்தில் பெரும்பகுதி அதில் போயிற்று.

ஓவன் 1858-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, பிறந்த ஊரான நியூடவுனிலேயே காலமானார். நியூ லானார்க் ஆலைகள் 1968 வரை ஓடின. அந்தக் கிராமம் 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.