ஜார்ஜ் சைமன் ஓம்

இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் தந்திக் கம்பி, 19-ஆம் நூற்றாண்டில் இராமேசுவரக் கரையை அடுத்த கடலினடியில் இடப்பட்டது. அத்தகைய கம்பி நீருள் அறுந்துபோமாயின், அறுந்த இடத்தைக் காண்பது எங்ஙனம்? முத்துக் குளிப்போர்போல் மூழ்கி முழுத் தூரமுந் தேடுதல் இயலாது. கரையிலிருந்தவாறே அதனைக் கணித்தறிய வழிகாட்டியவர் ஜெர்மானியப் பள்ளியாசிரியர் ஒருவராவர்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் எர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் கொல்லர். தாமே கற்றுத் தேர்ந்த கணிதத்தைத் தம் மைந்தருக்குப் புகட்டினார். பத்து வயதில் ஓம் தாயை இழந்தார். சர்வகலாசாலையிற் சேர்ந்தபின் நடனத்திலும் பனிச்சறுக்கிலும் அவர் பொழுது போக்கக் கண்டு தந்தையார் சினந்தார். படிப்பை இடைநிறுத்தி ஸ்விட்ஸர்லாந்திற் கணித ஆசிரியராயினார். மீண்டு வந்து 1811-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தார். ஆங்கிருந்த கருவிகளைக்கொண்டு மின்னோட்டத்தை ஆராயலானார். அக்காலத்து மின்கலங்களின் விசை நிலையாய் நில்லாமையின், 1826-இல் செம்பும் பிஸ்மத்தும் இணைந்த இணைப்புக்களுள் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்விசையைப் பெற்றார். பின்னர் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து ஓட்டத்தை அளந்தார்.

அவர் கண்ட விதி எளியது. விசை மாறாதிருப்பின், ஓட்டம் மொத்தத் தடைக்கு எதிர்விகிதத்தில் அமையும். இரண்டின் பெருக்கற்பலன் மாறாது. 20 ஓம் தடையில் 3 ஆம்பியர் ஓடுமாயின் பெருக்கற்பலன் 60. தடை 60 ஓம் ஆயின் ஓட்டம் 1 ஆம்பியரே.

1827-இல் இதனை விளக்கி வெளியிட்ட நூலை அந்நாட்டு அறிஞர் பலர் மதித்திலர். மனமுடைந்த ஓம் 1828-இல் தம் பதவியைத் துறந்தார். நிலையான ஊதியமின்றிச் சில ஆண்டுகள் வருந்தி, 1833-இல் நூரம்பர்க்கில் வேலை பெற்றார். 1841-இல் இலண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்தது. இளமையில் விரும்பிய சர்வகலாசாலைப் பௌதிகப் பேராசிரியர் பதவி, மியூனிச்சில் 1852-இலேதான் கிடைத்தது. 1854 ஜூலை 6-இல் அவர் காலமானார். 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு தடையின் அலகிற்கு அவர் பெயரையே ஏற்றது.

கடற்கம்பியின் புதிருக்கும் அவ்விதியே விடை. தெரிந்த விசையைச் செலுத்தி ஓட்டத்தை அளந்தால் தடை விளங்கும். மைலொன்றுக்குத் தடை 10 ஓம் என்றும், கரையில் அளந்த தடை 120 ஓம் என்றுங் கொண்டால், அறுந்த இடம் ஏறத்தாழ 12-ஆம் மைலாகும். பழுது பார்க்குங் கப்பல் நேரே அங்குச் செல்லலாம். பரீட்சைக்காக இக்கணக்கைப் போடும் மாணவர், இதனைக் கண்டவர் தம் வேலையையே இழந்து நின்றார் என்பதையும் நினைப்பாராக.